ஒரே பஸ், இரண்டு இதயங்கள்

நடந்தால் இதயத்துக்கு நல்லது என்று இன்றைக்கு யாருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. டாக்டர் சொல்றார், கையில் கட்டின வாட்ச் சொல்லுது, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வருகிற காலை வணக்கப் படம்கூட சொல்லுது. ஆனால் ஆயிரக்கணக்கான ஆட்களைக் கணக்கெடுத்து, மாரடைப்புக்கும் உடல் அசைவுக்கும் தொடர்பு இருக்கு என்று காட்டிய முதல் பெரிய ஆய்வு வெளிவந்தது 1953-ல்தான். அதுவரை மாரடைப்பு வந்தவருக்கு வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பதே வைத்தியமாக இருந்தது.

அந்த ஆய்வில் விளையாட்டு வீரர்கள் யாரும் கிடையாது. லண்டன் பஸ் டிரைவர்களும் கண்டக்டர்களும்தான் அதன் நாயகர்கள். அந்தக் கதை கொஞ்சம் நீளமானது. இன்னும் முடியாததும்கூட.

ஜெர்ரி மோரிஸ்

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிரிட்டன். காசநோய் மாதிரியான பழைய எதிரிகள் பின்வாங்க ஆரம்பித்திருந்த நேரம். ஆனால் நடுவயது ஆண்கள் திடீர் திடீரென்று மார்பைப் பிடித்துக்கொண்டு விழுவது கூடிக்கொண்டே போனது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

1948-ல் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சமூக மருத்துவத்துக்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. அதை நடத்தியவர் ஜெர்ரி மோரிஸ். போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் 1910-ல் லிவர்பூலில் பிறந்து, கிளாஸ்கோவின் வறுமைக்கு நடுவே வளர்ந்தவர். போர்க்காலத்தில் ராணுவ டாக்டராக இந்தியாவிலும் இருந்திருக்கிறார். நோய்க்கான காரணத்தை நோயாளியின் உடம்புக்குள் மட்டும் தேடாமல், அவர் செய்கிற வேலை, வாங்குகிற கூலி, குடியிருக்கிற வீடு இவற்றிலும் தேட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

மாரடைப்புக்கும் செய்யும் வேலைக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று ஒரு சந்தேகம். அதைச் சோதிக்க, வேலை தவிர மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிற இரண்டு கூட்டம் வேண்டும். எங்கே போய்த் தேடுவது? லண்டன் தெருவிலேயே அந்தக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

மாடிப்படி

கண்டக்டர் வேலை என்னவென்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் லண்டன் பஸ்ஸுக்கு இரண்டு தளம், நடுவே ஒரு குறுகலான மாடிப்படி. டிக்கெட் கொடுக்க கண்டக்டர் நாள் முழுக்க ஏறி இறங்க வேண்டும். ஒரு வேலைநாளில் 500 முதல் 750 படிகள் ஏறினார்கள் என்பது மோரிஸ் குழுவின் கணக்கு. டிரைவரோ முன்னால் தனிக் கூண்டு மாதிரியான அறையில், வேலை நேரத்தில் 90 சதவீதம் உட்கார்ந்தே இருப்பார்.

அதே நிறுவனம், அதே பஸ், அதே ஷிஃப்ட். இரண்டு பேருமே உழைக்கும் வர்க்கத்து ஆட்கள். இயற்கையே செய்துவைத்த பரிசோதனை மாதிரி.

பஸ், டிராம், டிராலிபஸ், பாதாள ரயில் எல்லாம் சேர்த்து, 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 ஆண் ஊழியர்களின் மருத்துவ விடுப்பு, இறப்பு விவரங்களைச் சேகரித்தார்கள். 1949, 1950 ஆண்டுகளின் கணக்கு இது. கம்ப்யூட்டர் இல்லாத காலம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு: ஆண்டுக்கு 1,000 டிரைவர்களில் 2.7 பேருக்கு இதய நோய். கண்டக்டர்களில் 1.9 பேருக்கு. கண்டக்டர்களுக்கு வரவே இல்லை என்று அர்த்தமில்லை, குறைவாக வந்தது. வந்தபோதும் கொஞ்சம் மென்மையாக வந்தது. அவர்களிடம் நெஞ்சுவலியாகத் தலைகாட்டியது அதிகம். டிரைவர்களிடமோ திடீர் மரணம் அதிகம்.

மோரிஸ் இதை உடனே ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு மட்டுமே உரிய ஏதோ ஒரு விசேஷமாக இருந்தால்? லண்டன் டிராஃபிக்கில் ஓட்டுகிற பதற்றம்தான் டிரைவரைக் கொல்கிறது என்றால்? அதனால் டிராஃபிக்கே இல்லாத இன்னொரு துறையைப் பார்த்தார்கள். தபால் துறை. நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுக்கிற தபால்காரர்கள் ஒருபக்கம். உட்கார்ந்து வேலை பார்க்கிற டெலிபோன் ஆபரேட்டர்களும் கிளார்க்குகளும் இன்னொரு பக்கம். அங்கேயும் அதே கதை. அதற்குப் பிறகுதான், 1953 நவம்பரில், லான்செட் இதழில் இரண்டு பகுதிகளாகக் கட்டுரை வந்தது.

பேன்ட் அளவு சொன்ன சேதி

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதற்கு அடுத்துதான் வருகிறது.

"படி ஏறினதால இதயம் நல்லா இருந்துச்சா, இல்ல நல்ல இதயம் இருக்கிறவங்கதான் படி ஏறுற வேலைக்குப் போனாங்களா?" நியாயமான கேள்வி. குண்டானவர் இயல்பாகவே உட்கார்ந்து செய்கிற வேலையைத் தேர்ந்தெடுக்கலாம் அல்லவா? அப்படியென்றால் மாடிப்படிக்குப் புகழ் எதற்கு?

இந்தக் கேள்வியை மோரிஸ் குழு தாங்களே எடுத்துக்கொண்டது. பழைய ஊழியர்களின் உடல்வாகை எப்படித் தெரிந்துகொள்வது? நிறுவனம் யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறதே, அந்த அளவுக் கணக்கு இருக்குமே! 1956-ல், யூனிஃபார்ம்களை வைத்தே ஒரு நோய்ப்பரவல் ஆய்வை வெளியிட்டார்கள். டிரைவர்களின் பேன்ட் இடுப்பளவு, இளம் வயதிலேயே கண்டக்டர்களைவிடப் பெரிதாக இருந்தது.

அதாவது, சந்தேகப்பட்டவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. இரண்டு கூட்டமும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றல்ல. ஆனால் இடுப்பளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதும், ஒல்லியான கண்டக்டர், நடுத்தர கண்டக்டர், தொப்பைக் கண்டக்டர் எல்லோருமே தங்களை ஒத்த டிரைவர்களைவிடத் தப்பித்திருந்தார்கள். இடுப்பளவு கொஞ்சம் விளக்கியது, எல்லாவற்றையும் விளக்கவில்லை. 1966-ல் வந்த அடுத்த ஆய்வில், டிரைவர்களுக்குக் கொலஸ்ட்ராலும் ரத்த அழுத்தமும் அதிகம் என்றும் தெரிந்தது. சிக்கல் இன்னும் கொஞ்சம் இறுகியது.

தன் சொந்த முடிவை உடைக்கக்கூடிய சாட்சியை, தானே தேடிப் போய் எடுத்துவந்து மேஜைமேல் வைக்கிற நேர்மை இது.

வேலையிலிருந்து ஓய்வுநேரத்துக்கு

இதற்குள் ஊரே மாறிக்கொண்டிருந்தது. உடம்பை அசைக்கிற வேலைகள் குறைந்து, எல்லோரும் நாற்காலிக்கு வந்துகொண்டிருந்தார்கள். இனி வேலையில் அசைவைத் தேடிப் பிரயோஜனமில்லை, ஓய்வுநேரத்தில்தான் தேட வேண்டும் என்று மோரிஸ் முடிவு பண்ணினார்.

1968-க்கும் 1970-க்கும் இடையில் 40 முதல் 64 வயது வரையிலான சுமார் 17,000 அரசு அலுவலர்களைப் பிடித்தார்கள். எல்லோருமே மேஜை வேலைக்காரர்கள். திங்கட்கிழமை காலையில் ஒரு படிவம்: போன வெள்ளியும் சனியும் என்னென்ன பண்ணினீங்க? 1973-ல் முதல் முடிவு வந்தது. மூச்சு வாங்குகிற அளவுக்கு ஏதாவது செய்தவர்களுக்கு (நீச்சல், வேகமான சைக்கிள், மண்வெட்டி பிடித்துத் தோட்ட வேலை) இதய நோய் ஆபத்து மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குதான்.

அமெரிக்காவில் ரால்ஃப் பாஃபன்பார்கர் 1978-ல் வெளியிட்ட ஹார்வர்ட் பழைய மாணவர்கள் ஆய்வு இதற்குத் துணை வந்தது. அதில் ஒரு சுவையான விஷயம். படிக்கும்போது பெரிய வீரராக இருந்தவர், பிறகு விட்டுவிட்டால் அந்தப் பழைய பெருமை அவரைக் காப்பாற்றவில்லை. "காலேஜ்ல நான் ஃபுட்பால் டீம் கேப்டன்" என்பது இதயத்திடம் செல்லாது. உடற்பயிற்சியை பேங்கில் போட்டு வைக்க முடியாது.

அதிகம் சாப்பிட்டவர் பிழைத்தார்

சரி, சாப்பாடு? மோரிஸ் குழு அதையும் விடவில்லை. 1956-க்கும் 1966-க்கும் இடையில், பஸ் ஊழியர்கள், பேங்க் ஊழியர்கள் உட்பட 337 ஆண்கள், ஒரு வாரம் தாங்கள் சாப்பிட்டதையெல்லாம் எடைபோட்டு எழுதிக் கொடுத்தார்கள். 1976 முடிவதற்குள் அவர்களில் 45 பேருக்கு இதய நோய் வந்தது.

யாருக்குக் குறைவாக வந்தது தெரியுமா? அதிக கலோரி சாப்பிட்டவர்களுக்கு! அதிகம் சாப்பிட்டும் நோய் வராதவர், சாப்பிட்டதைச் செலவழித்தவராக இருக்க வேண்டும். கலோரி அளவு இங்கே அசைவின் நிழல் மாதிரி. இன்னொரு தனி விஷயம்: கோதுமை மாதிரியான தானியங்களின் நார்ச்சத்தை அதிகம் சாப்பிட்டவர்களுக்கும் நோய் குறைவு. 1977-ல் 337 பேரை மட்டும் வைத்துச் சொன்ன அந்த நார்ச்சத்துக் கதையை, பிற்பாடு வந்த மிகப் பெரிய ஆய்வுகளும் ஆமோதித்தன.

தட்டில் இருப்பதை மட்டும் பார்த்து, சாப்பிடுகிறவர் நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று பார்க்காமல் விட்டால், கணக்கு எவ்வளவு தலைகீழாகப் போகும் என்பதற்கு இது நல்ல பாடம்.

பேன்ட் மறுபடி வருகிறது

இப்போது சமீபத்திய ஆராய்ச்சிகளுக்கு வருவோம்.

2019-ல் ஐ-மின் லீ குழு, சராசரி 72 வதுள்ள 16,741 அமெரிக்கப் பெண்களின் இடுப்பில் அசைவுமானி கட்டிப் பார்த்தது. நாளுக்குச் சுமார் 2,700 அடி வைத்தவர்களைவிட, 4,400 அடி வைத்தவர்களின் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500 அடியோடு பலன் கூடுவது நின்றுவிட்டது. 10,000 கட்டாயம் என்பதெல்லாம் கிடையாது. 2020-ல் உலக சுகாதார நிறுவனமும், ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையைக் கைவிட்டது. துண்டு துண்டாக வருகிற அசைவும் கணக்கில் சேரும். கண்டக்டர் படியேறியதும் அப்படித்தானே?

ஆனால் 2018-ல் ஒரு குண்டு விழுந்தது. 1,93,696 பேரை உள்ளடக்கிய 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வேலையில் அதிகம் உடலுழைப்பு உள்ள ஆண்களுக்கு, குறைந்த உழைப்பு உள்ளவர்களைவிட முன்கூட்டி இறக்கும் ஆபத்து 18 சதவீதம் அதிகம் என்று வந்தது. ஓய்வுநேர அசைவு காப்பாற்றுகிறது, வேலைநேர அசைவு கொல்கிறது! இதற்கு 'உடலுழைப்பு முரண்' என்பது போல ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள்.

காரணமும் சொன்னார்கள். மூட்டை தூக்குகிறவர் தன் இஷ்டத்துக்கு நிறுத்தி மூச்சு வாங்க முடியாது. மணிக்கணக்கில் ரத்த அழுத்தம் ஏறியே நிற்கும். அடுத்த நாள் உடம்பு தேறுவதற்குள் மறுபடி வேலை. கண்டக்டரின் வேலை அப்படியல்ல: கொஞ்சம் ஏறு, கொஞ்சம் நில், மறுபடி இறங்கு.

உடனே எதிர்க்கேள்வி வந்தது. மூட்டை தூக்குகிறவர் ஏழையாகவும் இருப்பார், புகைபிடிப்பவராகவும் இருக்கலாம். கொல்வது மூட்டையா, ஏழ்மையா? 2021-ல் நார்வேயில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், இந்த விஷயங்களைச் சரிக்கட்டிப் பார்த்தபோது அந்த ஆபத்து மறைந்துபோனது. உடலுழைப்பு வேலை பார்த்த ஆண்கள் கொஞ்சம் கூடுதலாகவே வாழ்ந்தார்கள்.

கவனித்தீர்களா? 1956-ல் எழுந்த அதே பேன்ட் பிரச்சினைதான் இது. வேலை ஆளை மாற்றுகிறதா, ஆளுக்குத் தகுந்த வேலை வந்து சேர்கிறதா? அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியும் வாதம் முடியவில்லை. அதனால், "உழைக்கிறவனுக்கு எதுக்குத் தனியா எக்சர்சைஸ்" என்பதையும், "உழைப்பு ஆளைக் கொல்லும்" என்பதையும் தீர்ப்பு மாதிரி சொல்கிற யாரையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம்.

பவுண்டுக் கணக்கு

மோரிஸுக்கு 1996-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, விளையாட்டு அறிவியலுக்கான பரிசை பாஃபன்பார்கரோடு சேர்த்துக் கொடுத்தது. அதோடு ஓய்ந்திருக்கலாம். ஆனால் 2000-ல், 90 வயதில், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து வேறு மாதிரி ஒரு கட்டுரை எழுதினார். ஆரோக்கியமாக வாழ்வதற்கு இன்னின்ன சாப்பிடு, இவ்வளவு உடற்பயிற்சி செய் என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, அதற்கெல்லாம் எவ்வளவு காசு ஆகும்?

18 முதல் 30 வயதுள்ள, தனியாக வாழும் ஆரோக்கியமான ஓர் ஆணை எடுத்துக்கொண்டு, நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, வீட்டு வாடகை, போக்குவரத்து, நாலு பேரோடு பழகுவதற்கான செலவு எல்லாவற்றையும் கூட்டினார்கள். 1999 விலைவாசியில் வாரத்துக்குச் சுமார் 132 பவுண்டு வந்தது. அப்போது புதிதாக வந்திருந்த குறைந்தபட்சக் கூலியில் 38 மணி நேரம் வேலை பார்த்தால், பிடித்தம் போகக் கைக்கு வருவது சுமார் 121 பவுண்டு. வாரம் 11 பவுண்டு துண்டு விழுகிறது. நாம் சொல்கிற அறிவுரையை, முழுநேரமும் வேலை பார்க்கிற ஓர் இளைஞனால் வாங்க முடியவில்லை.

லண்டனின் கடைசி வழக்கமான ரூட்மாஸ்டர் பஸ், 159-ம் தடத்தில் 2005 டிசம்பர் 9-ல் ஓடி நின்றது. அதோடு அங்கே கண்டக்டர் வேலையும் ஏறக்குறைய முடிந்தது. மோரிஸ் அப்போது உயிரோடு இருந்தார், 95 வயது. 2009 அக்டோபரில், 100-ஐத் தொடச் சுமார் ஆறு மாதம் இருக்கும்போது காலமானார்.

ஒருகாலத்தில் அந்த 500 படிகளை ஏறுவதற்கு ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இன்றைக்கு அதே படிகளை ஏற ஜிம்முக்கு நாம் காசு கட்டுகிறோம், நேரமும் கையில் காசும் இருந்தால். அடுத்த தடவை "தினமும் நடங்க" என்று யாரிடமாவது சொல்லும்போது, அவருடைய வேலை எத்தனை மணிக்கு முடிகிறது என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.