பழைய கிட்டாரும் புதிய மின்சாரமும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து மெல்லிசைக் கச்சேரிகளிலும் சர்ச் பாடகர் குழுக்களிலும் அடிக்கடி கேட்கும் சத்தம் ஒன்று உண்டு. அருமையான பழைய கிட்டாராக இருக்கும். வாசிப்பவர் வால்யூம் குமிழைத் திருகியதும் ஸ்பீக்கரில் 'கர்ர்ர்...' என்று இரைச்சல். மரத்துக்கு வயதானால் நாதம் கூடும் என்பார்கள். உள்ளே இருக்கும் மின்சாமான்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குமிழுக்கு அடியில் உள்ள கரிப்பூச்சு தேயும், பேட்டரி கசியும், ஒயர் துருப்பிடிக்கும். சரி, மாற்றிவிடலாம் என்று கிளம்பினால் எதை மாற்றுவது, எதை விடுவது என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் தேட கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1930களில் அமெரிக்க நடன இசைக்குழுக்களில் ட்ரம்பெட், சாக்ஸபோன்களுக்கு நடுவே பாவம், கிட்டார் வாசிப்பது யார் காதிலும் விழவில்லை. காந்தத்தைச் சுற்றிக் கம்பிச்சுருள். அதன்மேல் இரும்புத் தந்தி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த தத்துவம்தான். இதை வைத்து கிப்சன் நிறுவனம் 1936இல் இஎஸ்-150 என்ற கிட்டாரைக் கொண்டுவந்தது. 1954இல் அதே நிறுவனம் ஜே-160ஈயை வெளியிட்டது. பார்க்க சாதாரண கிட்டார், ஆனால் விரல்பலகை முடியும் இடத்தில் ஒரு காந்தப் பிக்கப். ஸ்பீக்கர் சத்தத்தில் மேல்பலகையும் சேர்ந்து அதிர்ந்து ஊளையிடக் கூடாது என்பதற்காகப் பலகையை வேண்டுமென்றே ப்ளைவுட்டில் செய்தார்கள். அதாவது ஸ்பீக்கருக்காக மரத்தின் நாதத்தைக் கொஞ்சம் பலி கொடுத்தார்கள்!

1962இல் பீட்டில்ஸின் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் ஆளுக்கொன்று வாங்கியது இந்த ரகத்தைத்தான். லெனனுடையது அடுத்த ஆண்டே திருடுபோனது. பெருமை தெரியாமலே ஒருவர் அதைப் பல ஆண்டுகள் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். 2015இல் அது ஏலத்தில் 24 லட்சம் டாலருக்கு மேல் போனது. லெனன் பிறகு வாங்கிய இரண்டாவது ஜே-160ஈயின் கதை இன்னும் சுவாரசியம். பிக்கப்பை ஒலித்துளைக்கு மறுபக்கம் நகர்த்தினார்கள், பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்கள். கிட்டாரில் ஒருமுறை வெட்டிய பள்ளத்தை மூடலாமே தவிர இல்லாமல் ஆக்க முடியாது.

அடுத்து வந்தது பீசோ. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வரும் என்று 1880இல் க்யூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அந்தப் படிகத்தைத் தந்தி உட்காரும் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் காந்தமே வேண்டாம், தந்தி நைலானாகக்கூட இருக்கலாம். ஆனால் இதன் மின்தடை மிக அதிகம். அதனால் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் ஒன்று தேவைப்பட்டது. அதைப் பொருத்தத்தான் கிட்டாரின் பக்கவாட்டில் செவ்வகமாக ஓட்டை போட ஆரம்பித்தார்கள். இன்றைய தலைவலியும் இங்கேதான். பழைய ப்ரீஆம்ப் செத்துவிட்டால் புதியது அந்த ஓட்டைக்குப் பொருந்தாது. மரத்தை மறுபடி அறுக்க வேண்டும்.

இது வெள்ளைக்காரர் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். மாண்டலின் சீனிவாசை எடுத்துக்கொள்ளுங்கள். 1969இல் ஆந்திராவின் பாலகொல்லில் பிறந்து, 1978இல் குடிவாடாவில் மேடையேறி, 1981இல் சென்னை ரசிகர்கள் முன் வந்து உட்கார்ந்தார் அந்தச் சிறுவர். மாண்டலினில் நான்கு ஜோடித் தந்திகள். மீட்டியதும் நாதம் சட்டென்று அணைந்துவிடும். கமகம் வேண்டுமென்றால் தந்தியை இழுக்க வேண்டும். ஜோடியாக இழுத்தால் இரண்டும் ஒரே அளவு இழுபடாது. சுதி பிசகும். சீனிவாஸ் கையில் எடுத்தது ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலின். அமெரிக்கக் கிட்டார்காரர்களுக்குச் சத்தம் போதவில்லை என்பது குறை. இவருக்கோ நாதம் நீள வேண்டும். கமகம் முடிவதற்குள் ஸ்வரம் செத்துவிடக் கூடாது அல்லவா? மேல்நாட்டுக் கருவி, அதுவும் மின்சாரத்தில் என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். 2014 செப்டம்பர் 19இல் அவர் மறைந்தபோது மாண்டலின் கர்நாடக இசைக் கருவி இல்லை என்று சொல்ல ஆளில்லை.

வீணையில் இன்னொரு சிக்கல். சாரணி, பஞ்சமம் தந்திகள் இரும்பு. மந்திரமும் அனுமந்திரமும் வழக்கப்படி பித்தளை. காந்தம் பித்தளையைக் கண்டுகொள்ளாது. எனவே ஒன்று உடம்பில் ஒட்டும் கான்டாக்ட் மைக், இல்லையென்றால் உள்ளே இரும்பு வைத்துச் சுற்றிய தந்தி. 'வீணை கிட்டார் மாதிரி கேட்கிறது' என்ற புகார் சபாக்களில் புதிதல்ல. ஆனால் மைக் இல்லாவிட்டால் பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கு அனுமந்திரம் போய்ச் சேராது. ஒட்டு மைக்கில் ஒரே நிம்மதி, கச்சேரி முடிந்ததும் பிய்த்து எடுத்துவிடலாம். பலாமரத்துக்குச் சேதாரம் கிடையாது.

பழைய கிட்டார்காரர்கள் வீணைக்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான். முதலில் குமிழையும் ஜாக்கையும் சுத்தம் செய்து பார்க்கலாம். பாதி இரைச்சல் அதிலேயே போய்விடும். போகாவிட்டால் குமிழை மட்டும் மாற்றலாம். காந்தப் பிக்கப்புக்கு 250 அல்லது 500 கிலோஓம் ரகம், ரிச்சி தெருவில் தேடினால் ஆகிவிடும். ப்ரீஆம்பே போய்விட்டதா? பிரிட்ஜுக்கு அடியில் உள்ள பீசோ பட்டையை மாற்றி, அதன் ஒயரை வார்ப்பட்டை மாட்டும் முனையில் உள்ள ஜாக் வழியாக வெளியே எடுத்து, ப்ரீஆம்பைக் கிட்டாருக்கு வெளியே ஒரு சின்னப் பெட்டியாக வைத்துக்கொள்ளலாம். உள்ளீட்டு மின்தடை குறைந்தது 1 மெகாஓம் இருந்தால் போதும், அடிநாதம் மெலியாது. பழைய ஓட்டையில் பழைய ப்ரீஆம்பே சும்மா உட்கார்ந்திருக்கட்டும். கழற்றிய சாமான்களையும் ஒரு கவரில் போட்டு கிட்டார் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். அடுத்து வாங்குபவர் கேட்பார்.