இரண்டு ஏடுகளும் ஒரு பொத்தானும்: கணினியும் கைப்பேசியும் ஒத்துப்போன கதை



"போன் தொலைஞ்சு போச்சு. எல்லாரும் பேரோட ஒரு மெசேஜ் போடுங்க, ஒரு நம்பரும் இல்ல." இந்தச் செய்தி வராத நண்பர் வட்டமே இருக்காது. எங்கள் வகுப்பிலும் போன மாதம் ஒன்று வந்தது. அனுப்பியவனிடம் கேட்டால், "எல்லாம் தானா சிங்க் ஆகியிருக்கும்னு நினைச்சேன்டா" என்கிறான். கடைசியில் பார்த்தால் அவன் எண்களையெல்லாம் போனின் நினைவகத்தில் மட்டுமே சேமித்து வைத்திருக்கிறான். எதனோடும் எதுவும் ஒத்திசையவே இல்லை!

"தானாக" என்று நாம் நினைக்கிற இந்த விஷயம் எப்படித் தொடங்கியது என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, வணிகவியல் படிக்கிறவனுக்கு ரொம்பப் பழக்கப்பட்ட ஒரு கதையாக இருந்தது.

பதினோராம் வகுப்பில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வியாபாரியிடம் ரொக்க ஏடு, வங்கியிடம் செல்லேடு. கணக்கு ஒன்றுதான், எழுதுகிறவர்கள் இரண்டு பேர். நாம் கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போயிருக்காது. வங்கி பிடித்த கட்டணம் நமக்குத் தெரிந்திருக்காது. இரண்டு இருப்பும் ஒத்துப்போகாது. யாரும் தப்பு செய்யவில்லை, ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். கணினியில் ஒரு முகவரிப் புத்தகம், கையில் இன்னொன்று என்று ஆனதும் இதே சிக்கல்தான் வந்தது.

மரக்கட்டையில் ஒரு ஆரம்பம்

1990களின் தொடக்கத்தில் "பிடிஏ" என்ற கையடக்கக் கருவிகள் வர ஆரம்பித்தன. 1993இல் ஆப்பிளின் நியூட்டன் வந்தது. கையெழுத்தைப் படிக்கும் என்று பெரிய எதிர்பார்ப்பு. ஆனால் கணினியோடு இணைக்க வேண்டுமென்றால் அதற்கான மென்பொருளைத் தனியாக வாங்க வேண்டும். அதாவது, கணினியோடு பேசுவது ஒரு உபரி வசதி.

அதே ஆண்டு ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பவரின் பாம் நிறுவனம் மென்பொருள் எழுதிய ஸூமர் என்ற கருவியும் வந்து, தோற்றுப்போனது. தோல்விக்குப் பிறகு ஹாக்கின்ஸ் ஒரு முடிவுக்கு வந்தார்: தன் கருவிக்குப் போட்டி கணினி இல்லை, காகித டயரிதான். சட்டைப் பையில் அடங்குகிற அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி, அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாராம். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்து அதில் எழுதுவது போல நடிப்பாராம். பக்கத்தில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ :-)

அவர் வகுத்த நிபந்தனைகள் எளியவை. சட்டைப் பையில் அடங்க வேண்டும், வேகமாக இருக்க வேண்டும், விலை 299 டாலரைத் தாண்டக் கூடாது, கணினியோடு சிரமமில்லாமல் ஒத்திசைய வேண்டும். 1996இல் பைலட் 1000 அந்த விலைக்கே வந்தது. நினைவகம் வெறும் 128 கிலோபைட். கூடவே ஒரு தாங்கி, அதில் "ஹாட்சிங்க்" என்று ஒரே ஒரு பொத்தான். கருவியை அதில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் போதும், இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். ஒன்றரை ஆண்டுக்குள் பத்து லட்சம் கருவிகள் விற்றன.

இந்தப் பொத்தானுக்கு இன்னொரு பயனும் இருந்தது. பைலட்டில் விவரங்கள் எல்லாம் மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே நிற்கும் நினைவகத்தில் இருந்தன. இரண்டு சின்ன பேட்டரிகள் முழுக்கத் தீர்ந்து, மாற்ற மறந்துவிட்டால் எல்லாம் போச்சு. ஆனால் மேசையில் இருந்த கணினியில் ஒரு நகல் இருந்தது. திரும்ப ஒரு முறை பொத்தானை அழுத்தினால் எல்லாம் வந்துவிடும்.

பொத்தானுக்குப் பின்னால் என்ன நடந்தது?

இங்கேதான் நம் கணக்குப்பதிவியல் வருகிறது. பைலட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி எண் உண்டு. ஒரு பதிவைத் திருத்தினால் அதன்மேல் "மாறியது" என்று ஒரு சின்ன அடையாளம் விழும். ஒத்திசைக்கும்போது கணினி மொத்த புத்தகத்தையும் படிக்காது, அடையாளம் விழுந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். முடிந்ததும் அடையாளத்தை அழித்துவிடும். சரிக்கட்டும் பட்டியலிலும் ஒத்துப்போன பதிவுகளை டிக் அடித்துவிட்டு, மிச்சத்தை மட்டும்தானே பார்க்கிறோம்?

அழித்த பதிவு இன்னும் வேடிக்கையானது. ஒரு பெயரை நாம் அழித்தாலும் கருவி உடனே அதை முழுதாக மறந்துவிடக் கூடாது. மறந்துவிட்டால், அடுத்த முறை கணினியில் அந்தப் பெயரைப் பார்த்ததும் "புதுசா ஒண்ணு வந்திருக்கு" என்று திரும்பக் கொண்டுவந்துவிடும். அதனால் "இது அழிக்கப்பட்டது" என்ற குறிப்பை அடுத்த ஒத்திசைவு வரை பத்திரமாக வைத்திருக்கும்.

ஒரே பதிவை இரண்டு பக்கமும் வேறுவேறாகத் திருத்தியிருந்தால்? பாம் யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு, "நீங்களே பாருங்கள்" என்று குறிப்பு எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ஒரு பக்கம் அழித்து, மறுபக்கம் திருத்தியிருந்தால் திருத்தியதுதான் நிற்கும். சந்தேகம் வந்தால் எதையும் இழக்காதே என்பதுதான் விதி. எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

ஆளுக்கொரு பாஷை

பாம் கருவி பாமின் மென்பொருளோடு பேசியது. மைக்ரோசாஃப்டின் கருவிகளுக்கு ஆக்டிவ்சிங்க். கைப்பேசி நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஒரு கேபிள், ஒரு சிடி கொடுத்தன. ஒரு நிறுவனத்தின் போனிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் எண்களைப் பல சமயம் கையால்தான் எழுத வேண்டியிருந்தது.

இதற்கு இரண்டு மருந்துகள் வந்தன. முதலாவது விகார்ட். 1990களின் நடுவில் ஆப்பிள், ஏடி அண்ட் டி, ஐபிஎம், சீமென்ஸ் சேர்ந்து உருவாக்கிய மின்னணு விசிட்டிங் கார்டு. பெயர் இது, எண் இது என்று எந்தக் கருவிக்கும் புரியும்படி எழுதும் முறை. பழைய 2.1 பதிப்பில் வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துதான். எழுத்துக்கு எல்லாம் யுனிகோட்தான் என்று கட்டாயமானது 2011இல் வந்த 4.0 பதிப்பில். தமிழில் "அத்தை" என்று சேமித்தது வேறு போனில் போய் கேள்விக்குறிகளாக நின்றதற்கு இப்படிப்பட்ட குழப்பங்களும் ஒரு காரணம்.

இரண்டாவது சிங்க்எம்எல். 2000ஆம் ஆண்டு எரிக்சன், நோக்கியா, மோட்டரோலா, ஐபிஎம், பாம், சியான் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய பொது மொழி. "நாம் கடைசியாக எப்போது பேசினோம்?" என்பதற்கு இரண்டு பக்கமும் ஒரு அடையாளம் வைத்திருக்கும். ஒத்துப்போனால் மாற்றங்களை மட்டும் பரிமாறிக்கொள்ளும். ஒத்துப்போகாவிட்டால் முதலிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பிடும். இந்த இரண்டாவது வழியில்தான் வம்பு. போனில் நீளமான பெயருக்கு இடமில்லை என்று அது பெயரை வெட்டியிருக்கும். கணினி "இது வேறு ஆள்" என்று முடிவு செய்யும். விளைவு, ஒரே மாமா மூன்று முறை வந்து நிற்பார்.

கம்பி போனது

2007இல் வந்த முதல் ஐபோன்கூட கேபிள் போட்டு, ஐடியூன்ஸ் வழியாகத்தான் ஒத்திசைந்தது. 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் இந்த வழக்கமே இல்லை. கூகுள் கணக்கில் நுழைந்தால் எண்கள் காற்றில் வரும். ஆப்பிள் 2008 ஜூலையில் மொபைல்மீ என்று ஆண்டுக்கு 99 டாலருக்கு ஒரு சேவையைத் தொடங்கி, தொடக்கத்திலேயே திணறியது. அவசரப்பட்டுவிட்டோம் என்று ஸ்டீவ் ஜாப்ஸே தன் ஊழியர்களிடம் ஒப்புக்கொண்டார். 2011 அக்டோபரில் ஐகிளவுட் வந்ததும் கணினியே இல்லாமல் ஐபோன் வைத்திருக்கலாம் என்ற நிலை வந்தது. பாம் நிறுவனத்தையோ 2010இல் எச்பி வாங்கியது, அடுத்த ஆண்டே அந்தக் கருவிகளைக் கைவிட்டது.

வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த மாற்றத்தில் ஒன்று சத்தமில்லாமல் கைமாறியது. முன்பு இரண்டாவது ஏடு நம் மேசையில் இருந்தது. இப்போது அது ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது.

2009 அக்டோபர்

இதன் பொருள் என்ன என்பதை அமெரிக்காவில் சைட்கிக் போன் வைத்திருந்தவர்கள் முதலில் தெரிந்துகொண்டார்கள். டேஞ்சர் என்ற நிறுவனம் (பெயரைப் பாருங்கள்!) உருவாக்கிய அந்த போனை 2002இலிருந்து டி-மொபைல் விற்றது. எண்கள், படங்கள், நாட்குறிப்பு எல்லாம் டேஞ்சரின் சர்வரில் இருக்கும். போனில் இருப்பது அதன் நிழல் மாதிரி. 2008இல் டேஞ்சரை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2009 அக்டோபர் தொடக்கத்தில் சர்வர்கள் பழுதாயின. 10ஆம் தேதி, "உங்கள் விவரங்கள் பெரும்பாலும் போய்விட்டன, பேட்டரியைக் கழற்றாதீர்கள், போனை அணைக்காதீர்கள்" என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவிப்பு வந்தது. பேட்டரியைக் கழற்றினால் அந்த நிழலும் போய்விடும். சில நாட்கள் கழித்து, பெரும்பாலான விவரங்களை மீட்டுவிட்டதாக அறிவித்தார்கள். நல்லவேளை. ஆனாலும் அந்தச் சில நாட்கள் பல லட்சம் பேர் பேட்டரியைத் தொடவே பயந்து உட்கார்ந்திருந்தார்கள்.

சரிக்கட்டும் பட்டியலுக்கு ஏன் மதிப்பு? ரொக்க ஏட்டை எழுதுகிறவர் வேறு, செல்லேட்டை எழுதுகிறவர் வேறு என்பதால்தான். இரண்டையும் ஒரே ஆள் எழுதினால் ஒப்பிட்டு என்ன பயன்? சைட்கிக்கில் இரண்டு இடத்தில் விவரம் இருந்தது, ஆனால் ஏடு ஒன்றுதான். இன்றைக்கு நம் போன்களும் கொஞ்சம் அப்படித்தான். போனில் ஒரு எண்ணைத் தவறி அழித்தால் ஒத்திசைவு விசுவாசமாகச் சர்வரிலும் அழித்துவிடும். குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் வைத்திருப்பது அந்த நிறுவனங்களின் புண்ணியம். ஒத்திசைவும் காப்பு நகலும் ஒன்றல்ல.

ஆகவே நண்பர்களே, எல்லா போனிலும் தொடர்புகளை விகார்ட் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வழி ஏதாவது இருக்கும். மாதக் கடைசியில் ஒரு முறை செய்து, வீட்டுக் கணினியிலோ பென் டிரைவிலோ போட்டு வையுங்கள். ஐந்து நிமிட வேலை. நான் ஆரம்பித்துவிட்டேன். நம்பர் தொலைத்த நண்பனுக்கும் அந்தக் கோப்பிலிருந்துதான் வகுப்பு எண்களை எல்லாம் ஒரே மூச்சில் அனுப்பினேன். அவனுடைய பாட்டியின் எண் மட்டும் என்னிடம் இல்லை. அது ஊரில் காலண்டர் பின்னால் எழுதியிருந்ததாம், அவன் அம்மா பார்த்துச் சொன்னார்.