மக்களவைத் தேர்தல்களும் தொழிற்பயிற்சி நிதியும்

இந்தியாவில் தொழிற்பயிற்சி நிலையங்கள் (ஐ.டி.ஐ.) 1950-இல் மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் தொடங்கப்பட்டன. அவற்றின் அன்றாட நிர்வாகம் 1956 முதல் மாநிலங்களிடம் உள்ளது. ஆனால் பாடத்திட்டம், தேசியச் சான்றிதழ், தரம் உயர்த்துவதற்கான பெருந்தொகை ஆகியவற்றில் டில்லியின் கையே ஓங்கியிருக்கிறது. அதனால் மக்களவைத் தேர்தலின் முடிவு ஒரு சிற்றூர்ப் பட்டறையின் கடைசல் இயந்திரம் வரை வந்து சேர்கிறது.

2004 தேர்தலில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு ஜூலையில் ப. சிதம்பரம் அளித்த நிதிநிலை அறிக்கை, ஆண்டுக்கு 100 வீதம் 500 நிலையங்கள் தரம் உயர்த்தப்படும் என்றது. 2007-இல் 1,396 அரசு நிலையங்களுக்குத் தலா 2.5 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தரும் திட்டம் வந்தது. 2009 தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் ஏற்கப்பட்ட திறன் மேம்பாட்டுக் கொள்கையோ, 2022-க்குள் 50 கோடிப் பேருக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தது. அத்தனை பேரை அமர்த்த வகுப்பறைகளே இல்லாத காலம் அது.

2014-இல் மீண்டும் ஆட்சி மாறியது. திறன் மேம்பாட்டுக்கெனத் தனி அமைச்சகம் உருவானது. தொழிலாளர் அமைச்சகத்திடம் இருந்த பயிற்சிப் பிரிவுகள் 2015-இல் அதற்கு மாறின. முந்தைய அரசு 2013-இல் தொடங்கிய பயிற்சி ஊக்கத்தொகைத் திட்டத்தின் இடத்தில் பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. 2016–2020 காலத்துக்கு அதன் ஒதுக்கீடு 12,000 கோடி ரூபாய். இலக்கு ஒரு கோடிப் பேர். இங்கேதான் பணத்தின் திசை மாறியது. ஐ.டி.ஐ.யில் பிட்டர் பயிற்சிக்கு இரண்டு ஆண்டுகள் வேண்டும். புதிய திட்டத்தின் பயிற்சிகள் சில மாதங்களில் முடிந்துவிடும். ஐந்தாண்டுக்குள் கணக்குக் காட்ட வேண்டிய எந்த அரசுக்கும் குறுகிய பயிற்சியே வசதி. பயிலும் பிள்ளைக்கு அது வசதியா என்பது வேறு கேள்வி.

2024 தேர்தல் அறிக்கையில் காங்கிரஸ், 25 வயதுக்குட்பட்ட பட்டயதாரர், பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாயுடன் ஓராண்டுத் தொழிற்பழகுநர் பயிற்சியைச் சட்ட உரிமையாக்குவதாகச் சொன்னது. அக்கட்சி தோற்றது. பா.ஜ.க. தனிப்பெரும்பான்மையை இழந்து கூட்டணியுடன் ஆட்சியைத் தொடர்ந்தது. ஜூலை 23 அன்று நிர்மலா சீதாராமன் அளித்த நிதிநிலை அறிக்கையில், 500 பெரிய நிறுவனங்களில் ஐந்தாண்டுகளில் ஒரு கோடி இளைஞருக்கு மாதம் 5,000 ரூபாயுடன் உள்ளகப் பயிற்சி என்ற அறிவிப்பு இருந்தது. தங்கள் யோசனையின் நகல் என்றது காங்கிரஸ். ஆனால் ‘உரிமை’ என்ற சொல் அதில் இல்லை. உரிமையை நீதிமன்றத்தில் கேட்கலாம், திட்டத்தை அப்படிக் கேட்க முடியாது.

அதே அறிக்கையில் 1,000 ஐ.டி.ஐ.களைத் தரம் உயர்த்தும் அறிவிப்பும் மீண்டும் வந்தது. மொத்தச் செலவு 60,000 கோடி ரூபாய். மத்திய அரசு 30,000, மாநிலங்கள் 20,000, தொழில்துறை 10,000 கோடி. அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது 2025 மே மாதத்தில். அறிவிப்பு வந்த ஆண்டில் பிட்டர் பிரிவில் சேர்ந்த மாணவர், அதற்குள் தம் முதலாண்டை ஏறக்குறைய முடித்திருந்தார்.