கார்புரேட்டர் மோட்டார் சைக்கிள் நிற்கும்போது சீராக ஓடவில்லையா? திருகுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மலேசியச் சாலைகளில் கார்புரேட்டர் பொருத்திய பழைய கப்சாய்கள் இன்றும் ஓடுகின்றன. 1987-இல் அறிமுகமான ஹோண்டா இஎக்ஸ்5 அவற்றுள் பலரும் அறிந்த வண்டி. இவற்றில் அடிக்கடி வரும் தொல்லை, நின்றிருக்கும்போது இன்ஜின் ஏறி இறங்கி ஓடுவது. சமிக்ஞை விளக்கு பச்சையானதும் வண்டி அணைந்துபோனால், பின்னால் வரும் வாகனம் மோதும் ஆபத்து உண்டு.

பலர் உடனே ஐடில் ஸ்குருவைத் திருகி வேகத்தைக் கூட்டுகின்றனர். அது கோளாற்றை மறைக்குமே தவிர தீர்க்காது, பெட்ரோலும் வீணாகும். இஎக்ஸ்5 இன்ஜினுக்கு, சூடான பின் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுழற்சிகள் போதும். எனவே, செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்குவதே நல்லது.

சோக்: பாதி மூடியே இருந்தால் கரும்புகை வரும், இன்ஜின் திணறும்.

கேபிள்: ஹேண்டிலை இருபுறமும் திருப்பும்போது வேகம் கூடினால், ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுக்கமாக உள்ளது என்று பொருள்.

காற்றுக் கசிவு: ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வேகம் மெதுவாகவே இறங்கினால், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் வளையம் வெடித்திருக்கலாம். அந்த இணைப்பில் சிறிது தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான். பெட்ரோலைத் தெளிக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

பைலட் ஜெட்: வேகத்தில் நன்றாக ஓடி, நிறுத்தினால் அணைவதும், சோக் போட்டால் மட்டும் ஓடுவதும் இதன் அடைப்புக்கு அடையாளம். பல வாரங்கள் ஓட்டாத வண்டியில் பெட்ரோல் பிசினாகி இது நேர்கிறது. கிளீனரும் காற்றழுத்தமும் கொண்டு சுத்தம் செய்யலாம். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

இவை சரியாக இருந்தால் ஸ்பார்க் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். அடுத்தது வால்வு இடைவெளி. இஎக்ஸ்5-இல் இன்ஜின் குளிர்ந்த நிலையில் 0.05 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளவுக் கருவி இல்லாதவர்கள் இதைப் பட்டறையில் விடுவதே நல்லது.

காற்றுக் கலவை ஸ்குருவைத் தொடுமுன், அது முழுமையாக மூட எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். ஐடில் ஸ்குரு கடைசி வேலை. பத்து நிமிடம் ஓட்டி இன்ஜின் சூடான பிறகு, திறந்த வெளியில் அதைச் சரிசெய்ய வேண்டும். மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிட்டால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.