அஞ்சனம் பூசிய பதினெட்டுப் பேர்

அழகர்கோவில் ராஜகோபுர வாசலில் கருப்புக்குச் சிலை கிடையாது. பூட்டிய கதவுதான் சாமி. கதவில் சந்தனம் அப்பியிருக்கும், மாலை தொங்கும், பக்கத்தில் அரிவாள்கள் நிற்கும். பதினெட்டாம்படிக் கருப்பு என்றால் மதுரைப் பக்கம் பொய் சொல்லும் வாய் கொஞ்சம் தடுமாறும்.

அந்தக் கதவின் கதை எனக்குத் தெரிந்த முதல் மாயாஜாலக் கதை. மலையாள தேசத்திலிருந்து பதினெட்டு மந்திரவாதிகள் அழகரின் சக்தியைக் கவர்ந்துபோக வருகிறார்கள். கண்ணில் அஞ்சனம் தீட்டியிருப்பதால் அவர்கள் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. மோப்பம் பிடித்த பட்டர் ஆவி பறக்கும் உணவை உள்ளே வைத்துக் கதவை அடைக்கிறார். ஆவியில் மை கரைகிறது, ஆட்கள் தெரிந்துவிடுகிறார்கள். பதினெட்டுப் பேரையும் வெட்டி, ஆளுக்கொரு படியாகப் புதைத்தார்களாம். அவர்களோடு வந்த கருப்பு இங்கேயே காவலுக்கு நின்றுவிட்டார். தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ ஆய்வை (1989) படித்தவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல.

ஹெச். ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய கண்ணுக்குத் தெரியாத மனிதனுக்கும் இதே தொல்லைதான். மழை பெய்தால் உருவம் தெரிந்துவிடும், மூடுபனியில் நின்றாலும் மாட்டிக்கொள்வான். எந்தச் சக்திக்கும் ஒரு சில்லறைப் பலவீனம் வேண்டும் என்பது நல்ல விஞ்ஞானக் கதையின் முதல் விதி. நம் பட்டருக்கு அது எப்பவோ தெரிந்திருக்கிறது!

டிவிக்கு வருவோம். தூர்தர்ஷன் ‘ஸ்டார் ட்ரெக்’ காட்டியது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வும் அதில் தொடராக வந்தது. எனக்கென்னவோ ஜீனோவைப் புத்தகத்தில்தான் பிடிக்கும். 1993இல் சன் டிவி வந்த பிறகு, தொண்ணூறுகளின் பிற்பாதியில் ‘மர்மதேசம்’ வந்தது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, இயக்கம் நாகா, கதை மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன். முதலில் ‘ரகசியம்’, அடுத்து ‘விடாது கருப்பு’. வாரத்துக்கு ஒருமுறைதான். மிச்ச நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஆளாளுக்கு ஒரு முடிவு சொல்வோம்.

‘விடாது கருப்பு’ தமிழில் வந்த மிகச் சிறந்த மாயத்தொடர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு காலங்கள் மாறிமாறி ஓடும். கிராமம் கிராமமாகவே இருக்கும். இருட்டில் குதிரைக் குளம்பொலி கேட்டால், தெருவில் நிஜமாகவே ஒன்று போவது போலிருக்கும். தப்பு செய்தவனைக் கருப்பு தண்டிக்கிறார், ஊரே நம்புகிறது. கடைசியில் எல்லாவற்றுக்கும் காரணம் பிளவாளுமை என்று தெரியவரும்.

அங்கேதான் எனக்குச் சண்டை. அந்தக் காலத்துக்கே அந்த வழி பிடித்திருந்தது. 1993இல் ‘மணிச்சித்ரத்தாழ்’, 2005இல் ‘சந்திரமுகி’, ‘அந்நியன்’ என்று எங்கும் கதையின் சாவி மனநோயில்தான் இருந்தது. சாமியா, வியாதியா? மூன்றாவதாக ஒரு பதில் இருப்பதாகவே யாரும் நினைக்கவில்லை. அதே 1993இல் தொடங்கிய ‘எக்ஸ் ஃபைல்ஸ்’ பல வழக்குகளை முடிக்காமலே மூடி வைத்தது. அந்தத் துணிச்சல் நமக்கு வரவில்லை.

கடைசி வாரம் பார்த்துவிட்டு அப்பத்தாவிடம் கேட்டேன், “அப்ப கருப்பு இல்லையா அப்பத்தா?”

வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒரு பழைய கதையைச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் அவளிடம் மூவாயிரம் ரூபாய் கடன் வாங்கிவிட்டு, வாங்கவே இல்லை என்று சாதித்தாராம். பத்திரம் இல்லை, சாட்சியும் இல்லை. கோர்ட்டுக்குப் போகக் காசும் இல்லை. “சரிய்யா, வர்ற வெள்ளிக்கிழமை படியில வந்து சத்தியம் பண்ணு, நான் விட்டுர்றேன்” என்றிருக்கிறாள். ஆளும் வருகிறேன் என்று தலையாட்டியிருக்கிறார்.

அதில் குதிரையும் வரவில்லை, டாக்டரும் வரவில்லை. எழுத்து தெரியாத ஒரு கிழவிக்கு அந்தக் கதவு பத்திரமாகவும் சாட்சியாகவும் இருந்திருக்கிறது. இதை எந்தத் தொடரும் இன்னும் எடுக்கவில்லை.

“அப்புறம் வந்தாரா?” என்றேன்.

“எங்கடா வந்தான். வியாழக்கிழமை ராத்திரியே பொண்டாட்டிகிட்ட ரூவாயக் குடுத்து விட்டுட்டான்.”