ரேஷன் காலத்தில் ஓர் அரச கல்யாணம்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்! பந்தலுக்கு என்ன நிறம், மேடைக்கு என்ன பூ, மணப்பெண்ணுக்கு என்ன உடை என்று முடிவு செய்வதற்குள் இரண்டு வீட்டாருக்கும் பாதி உயிர் போய்விடும். இப்போது "தீம்" என்ற சொல்லும் சேர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு ஒரு கருப்பொருள் இருக்க வேண்டுமாம், அலங்காரம் முழுவதும் அதையொட்டி அமைய வேண்டுமாம். பணம் இருந்தால் எதையும் செய்யலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

ஆனால் பணம் இருந்தும் துணி வாங்க முடியாத காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில், ஒரு நாட்டின் இளவரசிக்கே கல்யாண உடைக்குக் கூப்பன் தேவைப்பட்டது. அந்தக் கல்யாணம் இன்றுவரை பேசப்படுகிறது. 1947 நவம்பர் 20 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த இளவரசி எலிசபெத் - பிலிப் திருமணம்தான் அது.

வெற்றி பெற்ற நாடு, வெறுமையான அலமாரி

இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்தது. பிரிட்டன் வென்றது. ஆனால் வென்ற நாட்டின் நிலைமை எப்படி இருந்தது தெரியுமா?

துணிக்கு ரேஷன் 1941 ஜூன் மாதம் தொடங்கியது. முதலில் ஒரு பெரியவருக்கு ஆண்டுக்கு 66 கூப்பன்கள் கிடைத்தன. ஒரு கம்பளி கவுன் வாங்க 11 கூப்பன் போய்விடும். பிறகு கூப்பன்களின் எண்ணிக்கை இன்னும் குறைந்தது. போர் முடிந்தும் இந்த முறை ஒழியவில்லை, 1949 வரை நீடித்தது.

சாப்பாட்டு நிலைமை அதைவிட மோசம். போர் நடந்தபோதுகூட ரேஷனில் சேராத ரொட்டி, போர் முடிந்தபின் 1946 ஜூலையில் ரேஷனுக்கு வந்தது! 1947 தொடக்கத்தில் கடும் பனி, நிலக்கரித் தட்டுப்பாடு, மின்வெட்டு. ஆலைகள் மூடப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் அன்னியச் செலாவணி நெருக்கடி. அந்த ஆண்டு முடிவதற்குள் உருளைக்கிழங்குக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது.

இந்தக் காலத்தில் சாதாரண மக்கள் கல்யாணம் செய்துகொள்ளவில்லையா? செய்துகொண்டார்கள். மணப்பெண்கள் அக்காவின் உடையை, தோழியின் உடையை இரவல் வாங்கி அணிந்தார்கள். பாரசூட் பட்டை வெட்டித் தைத்துக்கொண்டவர்களும் உண்டு. கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சு பூசுவது 1940-லேயே தடை செய்யப்பட்டிருந்தது. அதனால் மூன்றடுக்கு கேக் மாதிரி அட்டையில் செய்த மூடியை வாடகைக்கு எடுத்து, உள்ளே ஒரு சின்ன கேக்கை ஒளித்து வைத்தார்கள். போட்டோவில் பெரிய கேக், தட்டில் சின்னத் துண்டு!

இப்படிப்பட்ட நேரத்தில்தான் 1947 ஜூலையில் இளவரசியின் நிச்சயதார்த்தம் அறிவிக்கப்பட்டது. அவருக்கு வயது 21, மாப்பிள்ளைக்கு 26.

உடனே கேள்வி எழுந்தது. மக்கள் ரொட்டிக்கு வரிசையில் நிற்கும்போது அரண்மனையில் ஆடம்பரக் கல்யாணமா? ஆளும் தொழிற்கட்சிக்குள்ளேயே சிலர் முணுமுணுத்தார்கள், தொழிற்சங்கத்தினரும் எதிர்த்து எழுதினார்கள். மறுபக்கம், இருண்ட நாட்களில் கொஞ்சம் வண்ணத்தைப் பார்க்க மாட்டோமா என்று ஏங்கியவர்கள் அதைவிட அதிகம். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலும் கடினமான பாதையில் இது ஒரு வண்ணக் கீற்று என்ற பொருளில் வரவேற்றார்.

ஆக, ஆடம்பரமாகச் செய்தால் மக்கள் வெறுப்பார்கள், எளிமையாகச் செய்தால் ஏமாற்றம் அடைவார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி வேண்டும்.

ஓவியத்திலிருந்து வந்த வசந்தம்

உடையை வடிவமைக்கும் பொறுப்பு நார்மன் ஹார்ட்நெல் என்பவரிடம் வந்தது. இளவரசியின் தாயாருக்கு ஏற்கெனவே உடை தைத்துக் கொடுத்துப் பெயர் வாங்கியவர் அவர். 1947 ஆகஸ்டில் அவருடைய வரைபடம் ஏற்கப்பட்டது. கல்யாணத்துக்கு மூன்று மாதம்தான் இருந்தது.

கருப்பொருளைத் தேடி அவர் ஓவியங்களைப் புரட்டினார். இத்தாலிய ஓவியர் போட்டிசெல்லி 15-ஆம் நூற்றாண்டில் வரைந்த "ப்ரிமவேரா" அவரை ஈர்த்தது. ப்ரிமவேரா என்றால் வசந்தம். அந்த ஓவியத்தில் ஒரு பெண், உடலெங்கும் பூக்கள் சிதறிய மெல்லிய உடையில் நடந்து வருகிறாள். பனிக்காலம் போய் பூமி மறுபடி பூக்கிறது.

இதைவிடப் பொருத்தமான கருப்பொருள் 1947-ல் கிடைக்குமா? ஆறு ஆண்டுப் போர், அதற்குப் பின் வந்த பஞ்சம், அந்த ஆண்டின் கொடும் பனி, எல்லாவற்றுக்கும் பிறகு ஒரு வசந்தம் வரும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத் தந்தப் பட்டில் ஊசியால் எழுதினார் ஹார்ட்நெல். வெள்ளை ரோஜா, மல்லிகை, லைலாக், ஆரஞ்சுப் பூ, கோதுமைக் கதிர் என்று உடை முழுவதும் மலர்ச்சியும் விளைச்சலும்தான். கோதுமைக் கதிர் வளத்தின் அடையாளம். ரொட்டி ரேஷனில் இருந்த நாட்டு மக்களுக்கு அது என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பூவேலைக்குச் சுமார் 10,000 சிறு முத்துக்கள் தேவைப்பட்டன. உள்நாட்டில் கிடைக்காததால் அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார்கள். 350 பெண்கள் ஏழு வாரம் வேலை செய்தார்கள். வடிவம் வெளியே கசியக்கூடாது என்று பட்டறையின் ஜன்னல் கண்ணாடிகளுக்கு வெள்ளையடித்து, துணியும் போட்டு மறைத்தார்கள்.

பட்டுப்புழுவுக்கும் குடியுரிமை!

இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. உடைக்கான சாட்டின் துணி ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் ஊரில் நெய்யப்பட்டது. "அந்தப் பட்டு எந்த நாட்டுப் புழுவிடமிருந்து வந்தது?" என்று சிலர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது பட்டுக்குப் பேர்போன நாடுகள் இத்தாலியும் ஜப்பானும். இரண்டுமே போரில் எதிரி நாடுகள். எதிரி நாட்டுப் புழு நூற்ற பட்டையா எங்கள் இளவரசி உடுத்துவது?

ஹார்ட்நெல் பதறிப்போய் விசாரித்தார். புழுக்கள் சீனாவைச் சேர்ந்தவை என்று பதில் வந்தது. சீனா போரில் நேச நாடு! அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் மகனைப் போரில் இழந்த வீட்டாருக்கு அது சிரிப்பான கேள்வி அல்ல. அலங்காரத்தின் ஒவ்வொரு இழையையும் மக்கள் கவனித்தார்கள் என்பதற்கு இது சாட்சி.

கூப்பன் விஷயத்திலும் அப்படித்தான். இளவரசிக்கு அரசு 200 கூப்பன்கள் கூடுதலாகக் கொடுத்தது. அது போதாதோ என்று நினைத்து, நாட்டின் பல மூலைகளிலிருந்து பெண்கள் தங்கள் கூப்பன்களைத் தபாலில் அனுப்பி வைத்தார்கள். ஒருவர் கூப்பனை இன்னொருவர் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். எனவே அத்தனையும் திருப்பி அனுப்பப்பட்டன. தனக்கே போதாத கூப்பனை இன்னொரு வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்குக் கொடுக்க முன்வந்தார்களே, அந்த மனசைச் சட்டம் என்ன செய்யும்!

பாட்டி வழி வந்த பூ

வெள்ளை உடை மேலை நாட்டில் தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் முன்பு மணப்பெண்கள் பல வண்ணங்களில் உடுத்தினார்கள். அரச குடும்பத்தில் வெள்ளிச் சரிகையும் தங்கச் சரிகையும்தான் பெருமை. 1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா மகாராணி வெள்ளைப் பட்டில் மணந்துகொண்ட பிறகே வெள்ளை உடை பரவலாக வேரூன்றியது.

அவர் தேர்விலும் ஒரு காரணம் இருந்தது. பட்டு லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்களுடையது. லேஸ், டெவன் பகுதிப் பெண்கள் கையால் பின்னியது. இயந்திர லேஸ் வந்து அந்தக் கைத்தொழில் நசிந்துகொண்டிருந்த நேரம் அது. ராணியின் கல்யாண உடை அவர்களுக்கு வேலை கொடுத்தது. தலையில் கிரீடத்துக்குப் பதில் ஆரஞ்சுப் பூ வளையம் சூடினார். அலங்காரம் என்பது அழகுக்கு மட்டும் அல்ல, யாருக்கோ சோறு போடவும் செய்யலாம் என்று காட்டிய கல்யாணம் அது.

நூறு ஆண்டு கழித்து அந்தத் தொடர்ச்சி எலிசபெத்தின் பூச்செண்டில் வந்து சேர்ந்தது. வெள்ளை ஆர்க்கிட் மலர்களோடு ஒரு சிறு மிர்ட்டில் கிளை. விக்டோரியா காலத்தில் ஆஸ்போர்ன் மாளிகையில் நட்ட செடியிலிருந்து பறித்தது. அரச குடும்பத்து மணப்பெண்கள் அந்தக் கிளையை எடுத்துச் செல்வது 1858 முதல் வழக்கம்.

கல்யாண நாள் கூத்துகள்

எவ்வளவு திட்டமிட்டாலும் கல்யாண வீட்டில் கடைசி நேரக் கலவரம் இல்லாமல் இருக்குமா? அரண்மனையிலும் இருந்தது. காலையில் தலையில் வைக்கும்போதே டியாரா உடைந்துவிட்டது. அவசரமாக நகைக்கடைக்காரரிடம் கொடுத்து ஒட்டி வாங்கினார்கள். அணிய வேண்டிய முத்துமாலை பரிசுப் பொருட்களோடு வேறு அரண்மனையில் இருந்தது. செயலாளர் ஓடிப்போய் எடுத்து வந்தார். பூச்செண்டைக் காணோம் என்று தேடினால், வாடாமல் இருக்கட்டும் என்று பணியாள் அதைக் குளிர்ந்த அலமாரியில் வைத்திருந்தார்!

விருந்து பக்கிங்காம் அரண்மனையில். ரேஷனில் இல்லாத பறவையான கவுதாரிதான் முக்கியப் பதார்த்தம். ஒவ்வொருவர் தட்டருகிலும் மிர்ட்டிலும் வெள்ளை ஹெதர் பூவும் சேர்த்துக் கட்டிய சிறு கொத்து, அவ்வளவுதான் மேசை அலங்காரம். கேக் மட்டும் ஒன்பது அடி உயரம். அதற்கான பொருட்கள் கடல் கடந்து வந்தவை. ஆஸ்திரேலியாவின் பெண் சாரணர்கள் அனுப்பியதும் அதில் உண்டு. அதனால் அதற்குப் "பத்தாயிரம் மைல் கேக்" என்றே பெயர் வந்தது.

வந்த பரிசுகள் 2,500-க்கும் மேல். ஹைதராபாத் நிஜாம் வைர நகை கொடுத்தார். மூன்று மாதம் முன்புதான் விடுதலை பெற்ற இந்தியாவிலிருந்து இன்னொரு பரிசும் போனது. காந்தியடிகள் தாமே நூற்ற நூலில் பின்னிய ஒரு பருத்தித் துணி அது. கொடுக்கத் தன்னிடம் உடைமை எதுவும் இல்லை என்றவர், மவுண்ட்பேட்டனின் யோசனைப்படி நூற்றுக் கொடுத்தார். மணமகளின் பாட்டி மேரி ராணி அதை இடுப்புத் துணி என்று தவறாக நினைத்து முகம் சுளித்தாராம். மணமகள் அப்படி நினைக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து இந்தியப் பிரதமர் மோடி சந்தித்தபோது அதை எடுத்துக் காட்டினார். 2022-ல் எலிசபெத் மறைந்த அன்று மோடி அதை நினைவுகூர்ந்தார்.

அன்றைய திருமணத்தை வானொலியில் சுமார் 20 கோடிப் பேர் கேட்டார்கள். பூச்செண்டு வீட்டில் தங்கவில்லை. மறுநாள் அபேயில் இருக்கும் பெயர் தெரியாத போர்வீரரின் கல்லறைக்கு அனுப்பி வைக்கப்பட்டது.

எது நினைவில் நிற்கிறது?

இந்தக் கல்யாணத்தை விடச் செலவு அதிகமான அரச கல்யாணங்கள் எத்தனையோ நடந்திருக்கின்றன. பலவற்றை யாரும் நினைப்பதில்லை. 1947 நினைவில் நிற்கக் காரணம் முத்துக்களின் எண்ணிக்கை அல்ல. மணப்பெண்ணின் உடை, பார்த்துக்கொண்டிருந்த மக்களின் கஷ்டத்தை அறிந்திருந்தது. குளிர்காலத்தில் நின்றவர்களிடம் வசந்தத்தைப் பற்றிப் பேசியது. கூப்பன் அனுப்பிய பெண்ணும், போரில் இறந்த வீரனும், கேக்குக்குப் பொருள் அனுப்பிய சிறுமிகளும் அந்த அலங்காரத்துக்குள் இடம்பெற்றிருந்தார்கள்.

கல்யாணத்துக்குக் கருப்பொருள் தேடுகிறவர்கள் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இந்தப் பந்தலுக்குள் வருகிறவர்கள் எந்தக் காலத்தைக் கடந்து வந்திருக்கிறார்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பூ எதுவானாலும், அது ஒரு முழம் மல்லிகையாக இருந்தாலும், அந்தக் கல்யாணம் மறக்காது.