அணைப்பு இயந்திரமும் எடைப் போர்வையும்

ஆழ் அழுத்தச் சிகிச்சை என்பது, தொடுகை, ஒலி முதலிய புலனுணர்வுகளால் தத்தளிக்கும் குழந்தைகளை உடலின் மீது சீரான அழுத்தம் கொடுத்து அமைதிப்படுத்த முயலும் துணைச் சிகிச்சையாகும். இதன் வரலாற்றில் ஆட்டிசம் கொண்ட அமெரிக்கரான டெம்பிள் கிராண்டின் முக்கியமானவர்.

1960களில் அரிசோனாவில் உறவினர் பண்ணையொன்றில், தடுப்பூசிக்காக இருபுறமும் அழுத்திப் பிடிக்கப்பட்ட மாடுகளில் சில அமைதியடைவதை அவர் கண்டார். அதைப் பின்பற்றித் தமக்கென ஓர் 'அணைப்பு இயந்திரம்' அமைத்தார். பிறர் அணைப்பைத் தாங்க இயலாத அவர், இதில் அழுத்தத்தைத் தாமே கூட்டிக் குறைக்க முடிந்தது. இவ்வனுபவத்தை 1992இல் ஆய்வுக் கட்டுரையில் விவரித்தார்.

பின்னர் எடைப் போர்வைகள் பரவலாயின. 2014இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், இவை ஆட்டிசக் குழந்தைகளின் தூக்க நேரத்தைக் கூட்டவில்லை. ஆயினும் சாதாரணப் போர்வையைவிட இவற்றையே குழந்தைகளும் பெற்றோரும் விரும்பினர். ஆறுதல் வேறு, குணம் வேறு. குழந்தை தானே விலக்க முடியாத போர்வையைப் பயன்படுத்தக் கூடாது.